கடல் ரிக் வேலைக்குப் போகும் முன்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகை, மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்கால் பக்கமிருந்து கடலுக்குள் உள்ள எண்ணெய், எரிவாயு மேடைகளில் வேலைக்குப் போக நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

ஆஃப்ஷோர் வேலையும் கப்பல் வேலையும் ஒண்ணுதானே?

இல்லை. கப்பலில் ஓடுபவருக்கு சி.டி.சி. (மாலுமிக்கான பணிப் பதிவேடு), இண்டோஸ் எண் (மாலுமியின் அடையாள எண்), எஸ்.டி.சி.டபிள்யூ (மாலுமிகளுக்கான சர்வதேச விதி) அடிப்படைப் பயிற்சி எல்லாம் வேண்டும். ஆஃப்ஷோர் என்றால் கடலில் நிற்கும் மேடையிலோ, துளையிடும் ரிக்கிலோ, கட்டுமான பார்ஜிலோ (தட்டையான மிதவைக் கலம்) தங்கிச் செய்யும் வேலை. வெல்டர், ஃபிட்டர், ரிக்கர் (சுமையைக் கட்டித் தூக்குபவர்), பெயின்டர், எலக்ட்ரீஷியன், சமையல்காரர் எனக் கரையில் உள்ள தொழில்கள்தான். தினம் 12 மணி நேர ஷிப்ட். 14 நாள் வேலை 14 நாள் விடுப்பு, 28-க்கு 28 என்பது நிரந்தர ஊழியர்களுக்கு வழக்கம். ஒப்பந்தத்தில் போகிறவர்கள் மாதக்கணக்கில் தொடர்ந்து இருக்க நேரும். அதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

போசியட் முடிச்சா வேலை நிச்சயம்னு ஏஜென்ட் சொல்றார். உண்மையா?

உண்மை இல்லை. போசியட் என்பது மேடைக்குப் போக அனுமதிக்கும் பாதுகாப்புப் பயிற்சி. தொழில் எதையும் அது கற்றுத் தராது. கம்பெனி ஆளை எடுப்பது வெல்டிங்குக்கோ ரிக்கிங்குக்கோதான். எடுத்த ஆளைக் கடலுக்கு அனுப்பும் முன் போசியட் கேட்கும். பல கம்பெனிகள் அந்தச் செலவைத் தாங்களே ஏற்கின்றன.

இன்னொரு சிக்கல், சான்றிதழ் 4 ஆண்டுதான் செல்லும். பயிற்சி முடித்த நாளிலிருந்தே கணக்கு ஓடும். கையில் தொழில் இல்லாமல் நகையை அடகு வைத்து போசியட் எடுத்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் காத்திருந்தால், பாதி ஆயுள் பெட்டிக்குள்ளேயே போய்விடும். முதலில் தொழில், அடுத்து இரண்டு மூன்று வருஷ ஷட்டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) அனுபவம், வேலை உறுதியாகும்போது போசியட். இந்த வரிசையை மாற்றச் சொல்பவர் பயிற்சிக் கட்டணத்தில் கமிஷன் பார்ப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதுல என்னதான் சொல்லிக் கொடுக்கிறாங்க? எத்தனை நாள்?

வழக்கமாக 3 நாள். ஸ்காட்லாந்தின் அபர்டீனைத் தலைமையிடமாகக் கொண்ட ஓபிட்டோ என்ற அமைப்பு வகுத்த பாடத்திட்டம். நான்கு பகுதிகள்: பாதுகாப்பு அறிமுகம், ஹெலிகாப்டர் பாதுகாப்பும் தப்பித்தலும், கடலில் உயிர் பிழைத்தலும் முதலுதவியும், தீயணைப்பும் புகையிலிருந்து தானே தப்புவதும். ஹெலிகாப்டர் மாதிரிக் கூண்டில் உட்காரவைத்து, குளத்தில் மூழ்கடித்துத் தலைகீழாக்கி, தப்பி வரப் பழக்குவார்கள். இந்த ஹெலிகாப்டர் பகுதியை மட்டும் தனியாகச் சொல்லும்போது ஹூவெட் என்பார்கள். ஏஜென்ட்கள் இரண்டையும் ஒன்றுபோலப் பேசுவார்கள். ஹூவெட் மட்டும் முடித்தவரிடம் போசியட் இருப்பதாகக் கொள்ள முடியாது.

போசியட், டி-போசியட், ஃபோயட்னு மூணு சொல்றாங்களே?

டி-போசியட் வெப்பக் கடல்களுக்கானது. குளிர்நீர் உடை அணிந்து செய்யும் பயிற்சி அதில் இராது. வளைகுடா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா பக்கம் பெரும்பாலும் இது போதும், பிரிட்டனின் வட கடலுக்குச் செல்லாது. ஃபோயட் என்பது 4 ஆண்டு முடியும் முன் எடுக்க வேண்டிய ஒரு நாள் மறுபயிற்சி. எந்த நாட்டுக்கு, எந்தக் கம்பெனிக்கு என்று தெரிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

என்கிட்ட எஸ்.டி.சி.டபிள்யூ இருக்கு. அது போதாதா?

படகு, தீ, முதலுதவி பாடங்கள் இரண்டிலும் உண்டு. ஆனால் எஸ்.டி.சி.டபிள்யூவில் ஹெலிகாப்டர் இல்லை. சப்ளை கப்பலிலோ பார்ஜின் மாலுமிக் குழுவிலோ வேலை என்றால் அது சரி. மேடைக்கு ஹெலிகாப்டரில் போகிறவருக்கு அது ஈடாகாது. புதுப்பிக்கும் கெடுவும் வேறு: எஸ்.டி.சி.டபிள்யூவின் கடல் உயிர்காப்பு, தீயணைப்புப் பாடங்களுக்கு 5 ஆண்டு.

நான் கேட்டரிங்லதான் போறேன். எனக்கும் இந்த மூழ்கடிக்கிற பயிற்சி உண்டா?

உண்டு. மேடையில் இரவு தங்கும் எல்லோருக்கும் ஒரே விதி. தீ வந்தால் சமையல்காரர், இன்ஜினியர் என்று பார்த்து வராது.

2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு மேடையில் 22 பேர் இறந்த விபத்து, பக்கத்துக் கப்பல் ஒன்றில் சமையல்காரருக்குக் கைவிரல் வெட்டுப்பட்டதில் தொடங்கியது. அவரைச் சிகிச்சைக்கு மேடைக்கு மாற்ற நெருங்கிய கப்பல், எரிவாயு ஏறிவரும் ரைசர் குழாயில் மோதித் தீப்பிடித்தது. அடுக்களையில் வெட்டுப்படாத கையுறை போடச் சொல்வதை அங்கே கண்டிப்பாக எடுத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

எனக்கு நீச்சலே தெரியாதே, ஃபெயில் ஆக்கிடுவாங்களா?

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. லைஃப் ஜாக்கெட் போட்டபடிதான் தண்ணீரில் இருப்பீர்கள், குளத்துக்குள் பாதுகாப்பு டைவர்கள் கூடவே இருப்பார்கள். தண்ணீர் பயம் உள்ளதை முதல் நாளே பயிற்றுநரிடம் சொல்லுங்கள். மறைத்துவிட்டுக் கடைசிச் சுற்றில் உறைந்துபோகிறவர்கள்தான் முடிக்காமல் திரும்புகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடிய தயாரிப்பு ஒன்று உண்டு. ஊர்க் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், துணைக்கு ஆள் நிற்க, முகத்தை மூழ்கவிட்டு மூக்கு வழியாக மெல்லக் காற்றை விட்டுப் பழகுங்கள். தலைகீழாகும்போது மூக்கில் தண்ணீர் ஏறுவதுதான் பலரைக் கலங்கடிக்கிறது. மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஏறாது.

நாங்க அக்கரைப்பேட்டைக்காரங்க, கடல்லயே பொறந்து வளர்ந்தவங்க. எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?

கடலோரத்துக்காரருக்குத் தண்ணீர் பயம் இல்லை, அது பெரிய பலம். ஆனால் ஃபைபர் போட் கவிழ்ந்தால் மேலே திறந்த வானம். ஹெலிகாப்டர் கவிழ்ந்தால் நீங்கள் ஒரு மூடிய பெட்டிக்குள், பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். இன்ஜினும் கியர் பெட்டியும் உச்சியில் இருப்பதால் தண்ணீரில் இறங்கிய ஹெலிகாப்டர் சட்டென்று புரண்டுவிடும். அப்போது மேல் எது கீழ் எது என்பதே புலப்படாது. உடனே காலை உதைத்து மேலே வரப் பார்ப்பதுதான் நீச்சல் தெரிந்தவரின் உடல் பழக்கம். அந்த உதை பின்சீட்டுக்காரர் முகத்தில் விழும், உங்களையும் ஜன்னலை விட்டு விலக்கிவிடும்.

அங்கே பழக்கும் வரிசை வேறு. கடலில் இறங்கும் எச்சரிக்கை வந்ததும் பெல்ட்டை இறுக்கி, குனிந்த நிலை எடுக்க வேண்டும். ஒரு கையால் உங்கள் ஜன்னலின் விளிம்பைத் தொட்டு இடம் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஏறும்போது மூச்சுக் கருவியை வாயில் வைக்க வேண்டும். ஹெலிகாப்டர் புரண்டு அசைவு நிற்கும்வரை பொறுக்க வேண்டும். ஜன்னலின் ஓரத்தில், மூலைப் பக்கமாக, பலமாகத் தள்ளித் திறக்க வேண்டும். ஒரு கை விளிம்பை விடாமல் பிடித்திருக்க, மறு கையால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். உதைக்காமல் கையால் இழுத்தே வெளியே வர வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை ஊதுவது வெளியே வந்த பிறகுதான். உள்ளேயே ஊதினால் அது உங்களைத் தரைப் பக்கமாகத் தூக்கி ஒட்டவைத்துவிடும், தலைகீழாக இருக்கும்போது தரைதானே மேலே.

2022 ஜூன் 28 அன்று மும்பை ஹை பகுதியில் சாகர் கிரண் ரிக் அருகே ஒரு ஹெலிகாப்டர் கடலில் இறங்கியது. இருந்த 9 பேரில் 4 பேர் இறந்தார்கள். நம் நாட்டுக் கடலிலும் நடக்கக்கூடியதுதான் இது.

பெல்ட்டை முதல்லயே கழட்டினா சீக்கிரம் வெளியே வந்துடலாமே?

இல்லை. பெல்ட் உங்களைச் சீட்டோடு பிடித்திருப்பதால்தான் ஜன்னலைத் தள்ளும் பலம் கிடைக்கிறது. பெல்ட் இல்லாமல் தள்ளினால் ஜன்னல் நகராது, நீங்கள்தான் பின்னால் மிதப்பீர்கள். பிடித்த விளிம்பும் போய்விடும். இருட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க மூச்சு பற்றாது.

மூச்சுக் கருவில ரெண்டு வகை உண்டாமே? எனக்குச் சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு.

ஒன்று, நீங்கள் விட்ட மூச்சையே பையில் சேர்த்துத் திரும்ப இழுக்கும் வகை. மற்றொன்று, அழுத்திய காற்று உள்ள சிறு சிலிண்டர் வகை. இரண்டுக்கும் சான்றிதழ் தனித்தனி. உங்கள் கம்பெனியின் ஹெலிகாப்டரில் எது உண்டோ அந்தப் பயிற்சியைக் கேட்டு எடுங்கள்.

அழுத்திய காற்று வகையில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரவே கூடாது. மேலே வர வர நுரையீரலுக்குள் உள்ள காற்று விரியும், ஆழம் குறைவாக இருந்தாலும் நுரையீரல் கிழியலாம். வீசிங், காசநோய், நெஞ்சு அறுவைச் சிகிச்சை இருந்ததை மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள் என்பது இதனால்தான். சொன்னால் மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

மேடையிலிருந்து குதிக்கச் சொல்வாங்களா? ராஃப்ட்ல தண்ணியே தரமாட்டாங்களாமே?

குதிப்பது கடைசி வழி. மூடிய லைஃப் போட் முதலில், அதற்கடுத்து ராஃப்ட் (காற்றடைத்த, கூடாரம் உள்ள மிதவை), ஏணி, வலை. குதித்தே ஆகவேண்டுமென்றால் கீழே ஆளோ மிதக்கும் பொருளோ உள்ளதா என்று பார்த்துவிட்டு, ஒரு கையால் மூக்கையும் வாயையும் மூடி, மறு கையால் லைஃப் ஜாக்கெட்டைக் கீழ்நோக்கி அழுத்தி, பார்வையை நேரே வைத்து, ஓரடி எடுத்து வைத்து இறங்க வேண்டும். காற்றில் கால்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜாக்கெட்டைப் பிடிக்காமல் குதித்தால் அது மேலெழும்பித் தாடையை அடிக்கும். கால்களுக்கிடையே போகும் பட்டையை மாட்டாமல் விடுபவர்கள் நிறைய. அது இல்லாவிட்டால் ஜாக்கெட் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

ராஃப்டில் ஏறியதும் முதல் வேலை குமட்டல் மாத்திரை, விசைப்படகில் பழகியவருக்கும்தான். மூடிய ரப்பர் கூடாரத்துக்குள் ஒருவர் வாந்தி எடுத்தால் எல்லோரும் எடுப்பார்கள், உடம்புத் தண்ணீர் வீணாகும். காயம்பட்டவர் தவிர மற்றவர்களுக்கு முதல் 24 மணி நேரம் தண்ணீர் கொடுப்பதில்லை. அதன்பின் ஆளுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர். கப்பல் ராஃப்டில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர்தான் வைத்திருப்பார்கள். கடல் நீரைக் கலந்து குடிப்பது கூடவே கூடாது.

2021 மே 17 அன்று டவ்தே புயலில் பி-305 பார்ஜ் மூழ்கி 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் லைஃப் ஜாக்கெட்டோடு மணிக்கணக்கில் மிதந்தவர்கள். சூடான கடல் என்றாலும் நேரம் ஆக ஆக உடல் குளிரும். முழங்காலை மடக்கிக் கையால் அணைத்து, பக்கத்தவரோடு ஒட்டி மிதக்கப் பழக்குவது அதற்காக.

எச்2எஸ் வாயு அழுகின முட்டை நாத்தம் அடிக்குமாம். நாத்தம் நின்னா போயிடுச்சுன்னு அர்த்தமா?

நேர் எதிர். ஹைட்ரஜன் சல்பைடு 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டும்போது மோப்ப நரம்பு சில நிமிடங்களில் மரத்துவிடும். நாற்றம் நின்றது என்றால் வாயு கூடியிருக்கலாம். 500-க்கு மேல் நிமிடங்களில் மயக்கம். 700 முதல் 1,000 வரை போனால் ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார்கள். அதனால் மூக்கை நம்பாமல், உடம்பில் மாட்டும் கருவியை நம்ப வேண்டும். பெரும்பாலான இடங்களில் 10 பி.பி.எம்.மிலேயே அது கத்தும்.

இந்த வாயு காற்றை விடக் கனமானது. பள்ளத்திலும் தொட்டியின் அடியிலும் தேங்கும். அலாரம் அடித்தால் மூச்சை நிறுத்தி, தப்பிக்கும் முகமூடியை மாட்டி, காற்றின் திசை காட்டும் துணிப் பையைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்காக விலகி, பின் காற்று வரும் திசைக்கு ஏற வேண்டும். கொண்டலா வாடையா என்று பார்த்தே பழகிய கடலோரத்துக்காரருக்கு இது எளிது. எந்நேரமும் காற்றின் திசை மனத்தில் இருக்கட்டும்.

விழுந்தவரைத் தூக்கக் கருவி இல்லாமல் ஓடாதீர்கள். நம் ஊர்க் கழிவுநீர்த் தொட்டிகளில் முதலில் இறங்கியவரைக் காப்பாற்றப் போனவர்களும் சாவது பெரும்பாலும் இதே வாயுவால்தான்.

சிலிண்டர் மாட்டினா எவ்வளவு நேரம் தாங்கும்? தாடி வெச்சிருந்தா என்ன?

முதுகில் மாட்டும் 6.8 லிட்டர் மூச்சுக்காற்றுச் சிலிண்டரை 300 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் முக்கால் மணிக்கும் மேல். ஆனால் ஹோஸ் இழுத்து, படியேறி, பதறி மூச்சு வாங்கினால் செலவு இரட்டிப்பாகும். சுமார் 55 பாரில் விசில் ஊதும். அது கிளம்பு என்பதற்கான சத்தம் அல்ல, அதற்குள் நீங்கள் வெளியே வந்திருக்க வேண்டும்.

தாடி முகமூடியின் ரப்பர் விளிம்பைத் தோலில் ஒட்டவிடாது. காற்று ஒழுகி சிலிண்டர் சீக்கிரம் காலியாகும், வெளிவாயுவும் உள்ளே வரலாம். அதனால் எச்2எஸ் உள்ள வயல்களில் தாடி கூடாதென்று கம்பெனிகள் விதி வைத்திருக்கின்றன. மார்க்கக் காரணம் இருந்தால் ஒப்பந்தத்துக்கு முன்பே பேசுங்கள். தலை முழுவதும் மூடும் தப்பிக்கும் கருவிகள் தாடியோடும் சரிப்படும், ஆனால் தீயணைப்புக் குழு வேலைக்கு அவை உதவாது.

பர்மிட் எல்லாம் வெறும் காகிதம்தானே? சூப்பர்வைசர் சொன்னா செஞ்சிட வேண்டியதுதானே?

இல்லை. பர்மிட் என்பது ஒரு வேலையைத் தொடங்கும் முன் தரும் எழுத்து அனுமதி. அதன் செய்தி கைமாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம்: 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை. ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வை பராமரிப்புக்காகக் கழற்றி, அந்த வாயை ஒரு தகடு வைத்து மூடியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். தகடு ஒழுகி வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

பர்மிட்டில் உங்கள் பெயர், எந்த உபகரணம், எந்த வால்வு பூட்டப்பட்டுள்ளது, எத்தனை மணி வரை என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஷிப்ட் மாறினால் அடுத்தவரிடம் வாயாலும் சொல்லி, இடத்தையும் காட்டுங்கள். பூட்டும் சாவியும் உங்களுடையது, வேறு யாரும் கழற்றக் கூடாது. தொட்டிக்குள் இறங்கும் முன் வாயுச் சோதனை வரிசையும் முக்கியம்: முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, பிறகு நச்சு வாயு. ஆக்சிஜன் குறைந்திருந்தால் எரிவாயுக் கருவியின் கணக்கே தப்பாகும். வெல்டிங் முடிந்ததும் தீக்காவலர் கிளம்பக் கூடாது. குறைந்தது அரை மணி, பல இடங்களில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

தம்பி ஐ.டி.ஐ. வெல்டர். 6ஜி சர்டிபிகேட் எடுத்துட்டா எங்கேயும் போகலாமா?

6ஜி என்பது குழாயை 45 டிகிரி சாய்த்து, சுழற்றாமல், சுற்றிலும் பற்றவைக்கும் சோதனை. அதில் தேறியவருக்கு மதிப்பு உண்டு. ஆனால் கம்பெனி தன் சொந்த வெல்டிங் முறைப்படி மறுபடி ஒரு குழாய்த் துண்டு கொடுத்துச் சோதிக்கும். அங்கே ரூட் பாஸ் (இணைப்பின் அடியில் போடும் முதல் பற்று) சரியில்லை என்றால் காகிதம் காப்பாற்றாது. ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்க விதியின் ஒன்பதாம் பிரிவின்படி ஒரு வெல்டிங் முறையில் 6 மாதம் வேலையே செய்யாவிட்டால் அந்தத் தகுதி காலாவதி. எனவே சான்றிதழை விட, தேதி போட்ட வேலைப் பதிவு பெரிது.

ரிக்கர் வேலைக்குக் கை பலம் போதுமா?

கணக்கு தெரிய வேண்டும். 2 டன் சுமையை இரண்டு ஸ்லிங்கால் (தூக்கும் பட்டை அல்லது கம்பிக் கயிறு) தூக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டன் என்று நினைக்கிறார்கள். ஸ்லிங் நேர் செங்குத்தாக இருந்தால்தான் அப்படி. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 1.15 டன், 45 என்றால் 1.41, 30 என்றால் முழு 2 டன். ஸ்லிங் அறுவதற்குப் பெரும்பாலும் சுமையைக் குறை சொல்வார்கள், கோணத்தை யாரும் பார்ப்பதில்லை. டேக் லைனை (தொங்கும் சுமையைத் திருப்பப் பிடிக்கும் கயிறு) கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்துக்கான சோதனை முடிந்ததைக் காட்டும் நிற அடையாளம் இல்லாத ஸ்லிங்கைத் தொடாதீர்கள்.

ரோப் ஆக்சஸ், வெல் கன்ட்ரோல் படிக்கலாமா?

ரோப் ஆக்சஸ் என்பது கயிற்றில் தொங்கியபடி வேலை செய்வது. அதற்குச் சான்று தரும் சர்வதேச அமைப்பான இராட்டாவின் முதல் நிலைக்கு 4 நாள் பயிற்சி, ஒரு நாள் தேர்வு. வயது 18 ஆகியிருக்க வேண்டும். சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். இரண்டாம் நிலைக்கு ஓராண்டும் 1,000 மணி நேரமும் கயிற்று வேலை அனுபவம் வேண்டும். கூடவே வெல்டிங், பெயின்டிங், என்.டி.டி. (பொருளைச் சேதப்படுத்தாமல் குறை கண்டறியும் சோதனை) என்று ஒரு தொழில் இல்லாவிட்டால் கயிற்றில் தொங்கத் தெரிந்தவராக மட்டும் இருப்பீர்கள். வெல் கன்ட்ரோல், அதாவது துளையிடும் கிணற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி, ரிக்கில் ஏற்கனவே வேலை பார்த்து டிரில்லர் ஆகப்போகிறவருக்கு. புதியவர் அதில் பணம் போட வேண்டாம்.

இங்கேயே, காவிரிப் படுகையிலேயே வேலை கிடைக்காதா?

காரைக்காலை மையமாக வைத்து ஓ.என்.ஜி.சி. இயங்குகிறது. கடலில் பி.ஒய்-1 வயலின் எரிவாயு திருக்கடையூர் பக்கம் பிள்ளைபெருமாள்நல்லூரில் கரையேறியது. ஆனால் 2020-இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டா நிலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. பெரிய அளவில் புது வேலைகளை எதிர்பார்க்க இடமில்லை. நிலத்து ரிக்கில் கிடைக்கும் ஒப்பந்த அனுபவத்தைத் தள்ளாதீர்கள், வெளியே போகும்போது அது பேசும்.

வெளிநாட்டு வேலைக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது தர வேண்டும். முகவரின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தட்டிப் பாருங்கள். "விசிட் விசாவுல போய் அங்கே மாத்திக்கலாம்" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பத்தாவது தேறாததால் இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவருக்கு வளைகுடா செல்லக் குடியேற்ற அனுமதி தேவை. அதோடு பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275, மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், விபத்து மரணத்துக்கு 10 லட்சம்.

பயிற்சியே இல்லாம சர்டிபிகேட் மட்டும் வாங்கித் தர்றேன்ங்கிறாங்களே?

ஓபிட்டோ சான்றிதழில் தனி எண் உண்டு, அதைக் கம்பெனி ஓபிட்டோவிடமே சரிபார்க்கும். மாட்டினால் வேலை போகும், பெயரும் கெடும். மாட்டாமல் போனால் இன்னும் மோசம்: மேலே சொன்ன ஜன்னல், பெல்ட் வரிசை கைக்குப் பழகாத ஒருவர் உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார். அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியல் ஓபிட்டோ தளத்தில் உள்ளது. குளமும் ஹெலிகாப்டர் மாதிரிக் கூண்டும் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

நாலு வருஷம் முடிஞ்சு ரெண்டு நாள்தான் ஆச்சு. ஃபோயட் போதுமா?

போதாது. கெடு தாண்டினால் முழு போசியட்டையும் மறுபடி எடுக்க வேண்டும், ஒரு நாள் செலவு மூன்று நாளாகும். விடுப்பில் ஊருக்கு வரும்போதே தேதியைப் பாருங்கள். அடுத்த சுற்று வேலைக்கு நடுவில் காலாவதி ஆகிறதென்றால் இந்த விடுப்பிலேயே முடித்துவிடுங்கள். மருத்துவச் சான்று பெரும்பாலும் 2 ஆண்டுதான் செல்லும் என்பதால் அந்தத் தேதியையும் சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.